தாக்கோல் துவாரமா, நடு நெஞ்சா?

வாசகர் கடிதம் (சுருக்கம்)

"நாங்கள் பனச்சமூடு பக்கம். வீடு தமிழ்நாட்டில், ரோட்டைத் தாண்டினால் கேரளம். அம்மாவுக்கு வயது 47, எடை 41 கிலோ. அப்பாவும் அம்மாவும் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்த தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறார்கள். ஒரு வருடமாக மேடு ஏறினால் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது. ராத்திரி இரண்டு தலையணை உயர்த்தி வைத்தால்தான் தூக்கம். எக்கோவில் (இதய ஸ்கேனில்) மிட்ரல் வால்வு சுருக்கம், அளவு 0.9, சுண்ணாம்பு படிந்திருக்கிறது, ஸ்கோர் 11, பலூன் சரிப்படாது என்று எழுதியிருக்கிறார்கள். நாடித்துடிப்பும் தாறுமாறாக இருக்கிறதாம். ஒரு ஆஸ்பத்திரியில் நெஞ்செலும்பைத் திறந்து உலோக வால்வு வைக்க வேண்டும் என்றார்கள். திருவனந்தபுரத்தில் இன்னொரு ஆஸ்பத்திரியில் 'தாக்கோல் துவார சஸ்திரக்ரியை' செய்யலாம், இரண்டு லட்சம் கூடுதலாகும் என்றார்கள். வளைகுடாவில் இருக்கும் அண்ணன், 'பணம் நான் அனுப்புகிறேன், புது முறையையே செய்யுங்கள்' என்கிறான். அம்மாவோ, 'என் நெஞ்செலும்பைப் பிளக்கண்டாம் மக்ளே, இருக்கிற வரைக்கும் இப்பிடியே இருந்துட்டுப் போறேன்' என்று அழுகிறார். எது நல்லது டாக்டர்? அம்மா எப்போது திரும்பப் பால் வெட்டுக்குப் போகலாம்? (கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவுக்கு நெஞ்சில் வலப்பக்கம் நீர் கோத்து ஊசி போட்டு எடுத்தார்களாம். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டாராம். இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை.)"

— பெயர் வெளியிட விரும்பாத மகள், குமரி மாவட்டம்

இதய அறுவை சிகிச்சை நிபுணரின் பதில்

கடிதத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அந்த இரண்டு வரியில்தான் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. அதை அப்புறம் பார்ப்போம். முதலில் 'தாக்கோல் துவாரம்' என்ற அந்தப் பெயரைப் பார்த்துவிடுவோம்.

மலையாளத்தில் தாக்கோல் என்றால் சாவி, சஸ்திரக்ரியை என்றால் அறுவை சிகிச்சை. குமரிக்காரர்களுக்குத் தாக்கோலை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம். வீட்டுச் சாவியை நாமும் தாக்கோல் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டவுடன், கதவைத் திறக்காமலே சாவித் துவாரம் வழியாக வேலையை முடித்துவிடுவார்கள் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. பித்தப்பையை எடுக்கும்போது ஏறக்குறைய அப்படித்தான். வால்வில் அப்படி இல்லை. எந்த வழியாகப் போனாலும் அம்மாவை இதய-நுரையீரல் இயந்திரத்தில் இணைக்க வேண்டும். இதயத்தை மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும். இடது மேலறையைக் கீறித் திறந்து, அதற்கும் இடது கீழறைக்கும் நடுவே இருக்கும் கெட்டுப்போன மிட்ரல் வால்வை வெட்டி எடுத்து, புதியதைச் சுற்றிலும் தைத்து உட்கார வைக்க வேண்டும். பிறகு இதயத்தை மூடி, காற்றை வெளியேற்றி, திரும்பத் துடிக்க வைக்க வேண்டும். உள்ளே நடக்கும் வேலையில் ஒரு தையல்கூடக் குறையாது. மாறுவது உள்ளே போகும் வாசல் மட்டும்தான்.

'நெஞ்சைத் திறக்காத ஆபரேஷன்' என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தால், முதலில் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

வழக்கமான முறையில், கழுத்துக்குழிக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி நெஞ்சுக்குழி வரைக்கும் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு. அதன் அடியில் இருக்கும் நெஞ்செலும்பை ரம்பத்தால் நெடுக அறுப்போம். நீங்கள் பயப்படும் அந்த ரம்பம் ஓடுவது அரை நிமிடத்துக்கும் குறைவு. எலும்பு விரிந்ததும் இதயம் முழுதாகக் கண்ணெதிரே இருக்கும். கையை உள்ளே விடலாம், விரலால் முடிச்சுப் போடலாம், ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை உடனே அழுத்திப் பிடிக்கலாம். முடித்ததும் எலும்பின் இரு பாதியையும் எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டிவிடுவோம். அந்தக் கம்பிகள் ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் நெஞ்சு நடுவில் ஒரு வரிசை முடிச்சுகள் தெரியும்.

தாக்கோல் துவாரம் என்று அவர்கள் சொன்ன சின்ன வெட்டு முறையில், மிட்ரல் வால்வுக்கு, வலது மார்பகத்தின் கீழ் மடிப்பில் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கீறுகிறோம். விலா எலும்புகளுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு, வலது நுரையீரலைச் சுருக்கி ஒதுக்கி, கேமராவும் நீளமான கருவிகளும் வைத்து எட்டி வேலை பார்க்கிறோம். இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களுக்கு அந்தச் சின்ன வாசலில் இடமிருக்காது. அதனால் அவை தொடை இடுக்கில், காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்கள் வழியாகப் போகும். இதைப் பலர் சொல்வதில்லை. 'ஒரே ஒரு சின்ன வெட்டு' என்பது உண்மையில் இரண்டு வெட்டு: மார்புக்குக் கீழே ஒன்று, தொடை இடுக்கில் இன்னொன்று.

என் சாய்வு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் நடு நெஞ்சைத் திறந்து பழகிய தலைமுறை. சின்ன வெட்டை நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். என் பேச்சில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு தெரிந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

சின்ன வெட்டு என்பதே புதுமை என்று நினைத்துவிடவும் வேண்டாம். 1925-ல் லண்டனில் ஹென்றி சூட்டர் என்ற அறுவை மருத்துவர், மிட்ரல் வால்வு நோய் வந்த ஓர் இளம்பெண்ணின் இடப்பக்க விலா வழியாகப் போய், துடித்துக்கொண்டிருந்த இதயத்துக்குள் விரலை விட்டே வால்வை நெகிழ்த்தினார். அந்தப் பெண் பிழைத்தார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்த வழியில் யாரும் போகவில்லை. 1948-க்குப் பிறகு விரலால் வால்வைத் திறப்பது உலகமெங்கும் பரவியது. நம் நாட்டில், ருமாட்டிக் என்னும் மூட்டு வாத நோயால் வால்வு சுருங்கிய ஏழைகளுக்குப் பல பத்தாண்டுகள் அதுதான் கைகொடுத்தது. மெஷினும் வேண்டாம், செலவும் குறைவு. இதய-நுரையீரல் இயந்திரம் வந்த பிறகுதான், கண்ணால் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்று நடு நெஞ்சைத் திறந்தோம். 1996 வாக்கில் பிரான்சில் கார்பாந்தியே என்ற அறுவை மருத்துவர் முதலானவர்கள், இந்தத் தடவை கேமராவோடு, மறுபடியும் பக்கவாட்டுக்கே திரும்பினார்கள்.

இனி, எது நல்லது?

பிரிட்டனில் பத்து மையங்களில், மிட்ரல் வால்வு கசிவுள்ள 330 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பாதிக்கு நடு நெஞ்சு வழியாகவும் மறு பாதிக்குச் சின்ன வெட்டு வழியாகவும் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். முடிவு 2023-ல் வெளியானது. ஆபரேஷன் முடிந்து 12-வது வாரத்தில் இவர்களுடைய உடல் எவ்வளவு இயங்குகிறது என்று அளந்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்று. ஆறாவது வாரத்தில் மட்டும் சின்ன வெட்டுக்காரர்கள் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாள்: சின்ன வெட்டுக்கு ஐந்து, நடு நெஞ்சுக்கு ஆறு. ஒரு வருடத்தில் மரணம், மறு ஆபரேஷன், இதயச் செயலிழப்புக்காக மறுபடி அட்மிட் ஆவது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல கையில், சரியான ஆளுக்கு, இரண்டும் சமமான பாதுகாப்பு. சின்ன வெட்டில் சில வாரம் முன்கூட்டியே எழுந்து நடமாடலாம். இந்த ஆராய்ச்சியிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்.

'நல்ல கை' என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகர இதய மையத்தில் 17 அறுவை மருத்துவர்களின் ஆபரேஷன்களை அலசி 2013-ல் வெளியிட்டார்கள். சின்ன வெட்டு மிட்ரல் ஆபரேஷனில் ஒருவர் கை பழகுவதற்கு 75 முதல் 125 ஆபரேஷன் ஆகிறது, பழகிய கை மழுங்காமல் இருக்க வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று அதில் வந்தது. அந்த எண்ணிக்கையைப் படித்த அன்று நான் என்னுடைய பழைய நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன்.

ஆனால் பிரிட்டன் ஆராய்ச்சியில் இருந்தவர்களும் உங்கள் அம்மாவும் ஒரே ரகம் இல்லை. அவர்களுக்கு வயதாகி வால்வின் நார் தளர்ந்து ஏற்பட்ட கசிவு. பெரும்பாலோருக்கு வால்வை மாற்றாமல் பழுது பார்த்தே முடித்தார்கள். அம்மாவுக்கு வந்திருப்பது நம் ஊர் நோய். சின்ன வயதில் தொண்டையில் வந்த ஒரு கிருமித் தொற்று, மூட்டு வாதமாகத் தலைகாட்டி, பல வருடம் கழித்து வால்வில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆரோக்கியமான மிட்ரல் வால்வு திறக்கும்போது நான்கு முதல் ஆறு சதுர சென்டிமீட்டர் வழி இருக்கும். 1.5-க்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம். அம்மாவுக்கு 0.9. வெயிலில் காய்ந்து சுருண்ட ரப்பர் ஒட்டுப்பாலைப் பார்த்திருப்பீர்கள். வாத நோய் தின்ற வால்வு கையில் எடுத்தால் அப்படித்தான் இருக்கும், தடித்து, விறைத்து, அங்கங்கே சுண்ணாம்புக் கட்டிகளோடு. வால்வு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று எக்கோவில் பார்த்துப் போடும் ஸ்கோர் எட்டைத் தாண்டினால் பலூன் வைத்து விரிப்பதில் நல்ல பலன் கிடைப்பது சந்தேகம். 11 என்று எழுதியவர் பலூன் வேண்டாம் என்று சொன்னது நியாயமே. (காலில் குழாய் விட்டு வால்வு வைக்கிறார்களாமே என்று அண்ணன் அடுத்து கேட்பார். 2002-ல் பிரான்சின் ரூவான் நகரில் தொடங்கிய அந்த முறை பெரும்பாலும் வயதானவர்களின் மகாதமனி வால்வுக்கானது. அம்மாவின் வால்வு வேறு.)

இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன்.

பல வருடம் முன்பு, நான் அப்போது வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், ஐம்பது வயதைத் தொட்ட ஒருவருக்குச் சின்ன வெட்டில் மிட்ரல் வால்வு மாற்ற ஆரம்பித்தேன். வலப்பக்கம் கீறி, விலாவுக்கு நடுவே விரலை விட்டேன். வழுக்கிக்கொண்டு விலக வேண்டிய நுரையீரல், பலாச்சக்கைப் பிசின் பட்ட துணி மாதிரி நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிக்கப் பிரிக்க ரத்தம் கசிந்தது, நுரையீரலில் காற்றும் கசிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போராடிவிட்டு, அந்த வாசலை மூடி, நடு நெஞ்சைத் திறந்தோம். வால்வு நன்றாக உட்கார்ந்தது. ஆனால் அவருக்கு இரண்டு வெட்டு, ஏகப்பட்ட ரத்தம், ஐசியுவில் பத்து நாள். அப்புறம் அவர் மனைவியிடம் பேசும்போதுதான் தெரிந்தது: இருபது வயதில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்து எடுத்திருக்கிறார்கள், டிபி மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். 'யாரும் கேட்கல டாக்டர்' என்றார் அந்த அம்மா. உண்மைதான், நான் கேட்கவில்லை. எக்ஸ்ரேயில் வலது மூலை லேசாக மங்கி இருந்ததைப் பார்த்துவிட்டும் தாண்டிப் போயிருந்தேன்.

உங்கள் அம்மாவுக்கு நீர் எடுத்ததும் அதே வலப்பக்கம்தான். மாதக்கணக்கில் சாப்பிட்டது டிபி மாத்திரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் வலது நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கலாம். ஒட்டல் எவ்வளவு என்று சிடி ஸ்கேன் ஓரளவுக்குக் காட்டும், முழுதாகக் காட்டாது. நடு நெஞ்சு வழியாகப் போகிறவருக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை, ஏனென்றால் அவர் நுரையீரலைத் தொடாமலே இதயத்துக்குப் போய்விடலாம்.

அடுத்து 41 கிலோ. மெலிந்த, குட்டையான பெண்களுக்குத் தொடை இடுக்கு ரத்தக் குழாய் சிறியதாக இருக்கும். இயந்திரத்தின் குழாயைத் திணித்தால் அந்தக் காலுக்கு ரத்தம் குறையலாம், ரத்தக் குழாய் கிழியலாம், பிறகு அந்த இடத்தில் நிணநீர் கசிந்து வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கலாம். செய்யவே முடியாது என்று சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் செய்யக் கூடாது. தொடையிலிருந்து நெஞ்சு வரை ரத்தக் குழாய்களை சிடியில் பார்த்தார்களா, வலது நெஞ்சின் பழைய கதையைக் கேட்டார்களா என்று திருவனந்தபுரத்து டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். இரண்டுக்கும் 'ஆமாம், பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்' என்றால் அவர் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கலாம். பார்க்காமலே கூடுதல் இரண்டு லட்சத்துக்கு எஸ்டிமேட் போட்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்வதானால், என் சொந்த அம்மாவாக இருந்தால் நான் நடு நெஞ்சையே தேர்ந்தெடுப்பேன். சுண்ணாம்பு படிந்த வால்வு, சிறிய உடம்பு, பழைய வலப்பக்க நோய். மூன்றும் சேர்ந்தால் வெளிச்சமும் இடமும் தாராளமாக இருக்கும் வாசல்தான் எனக்கு வேண்டும். சுண்ணாம்பைச் சுரண்டும்போது ஒரு துணுக்கு நழுவி விழுந்தாலும், அது ரத்தத்தோடு மூளைக்குப் போய்விடாமல் பார்த்து எடுக்க முடிய வேண்டும்.

சின்ன வெட்டைத் தாழ்த்திப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பருத்த உடம்பு, சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு நெஞ்செலும்பில் சீழ் பிடிக்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். அப்படிப்பட்டவருக்கு நுரையீரலும் கால் ரத்தக் குழாயும் நன்றாக இருந்தால் நானே பக்கவாட்டில்தான் போவேன். கல்யாணமாகாத பெண்களுக்கும் அப்படித்தான். கழுத்துக்குக் கீழே தெரியும் தழும்பு பெண் பார்க்க வரும்போது எத்தனை கேள்விகளைக் கிளப்பும் என்பது ஊருக்குத் தெரியும். அதை 'அழகுக்காக' என்று ஒதுக்கும் டாக்டர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அம்மாவின் பயத்தைப் பற்றி. 'இப்பிடியே இருந்துட்டுப் போறேன்' என்பது அவருக்குக் கிடைக்கக்கூடிய வழி இல்லை என்பதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். 0.9-ல், தாறுமாறான துடிப்போடு, தலையணை உயர்த்திப் படுக்கும் நிலை வந்துவிட்டது. மேலறை வீங்கிய இந்த இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டி உருவாகி, அது மூளைக்குப் போனால் ஒரு பக்கம் விழுந்துவிடும். மரணத்தைவிட இதற்குத்தான் நம் அம்மாக்கள் அதிகம் பயப்படுவார்கள், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமே என்று. எலும்பைப் பற்றி இதைச் சொல்லலாம்: அறுத்த எலும்பின் வலி, விலாவுக்கு நடுவே விரித்த வலியைவிட முதல் வாரத்தில் பலருக்குக் குறைவாகவே இருக்கிறது. ஆச்சரியமாக இருக்கும், ஆனால் வார்டில் தினமும் பார்ப்பதுதான். கம்பி போட்டு இறுக்கிய எலும்பு அசைவதில்லை. விலா எலும்போ ஒவ்வொரு மூச்சுக்கும் அசைகிறது. இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தருவார்கள். அந்தத் தலையணையை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், அம்மாவுக்குப் பழகியதாக இருக்கும்.

இவ்வளவு நேரம் வெட்டைப் பற்றியே பேசிவிட்டோம். அம்மாவின் அடுத்த முப்பது வருடத்தைத் தீர்மானிக்கப் போவது வெட்டு இல்லை. உள்ளே வைக்கும் வால்வும் அதற்காகச் சாப்பிடும் மாத்திரையும்தான். உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

வால்வு இரண்டு வகை. விலங்குத் திசுவில் செய்தது, உலோக வால்வு. திசு வால்வுக்கு ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஆயுள் முழுக்கத் தேவைப்படாது, ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேயும்; வயது குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரம். 47 வயதில் வைத்தால் அறுபதுக்குள் இன்னொரு ஆபரேஷன் வந்து நிற்கும். அதோடு, துடிப்பு தாறுமாறாக இருப்பதால் அம்மாவுக்கு எப்படியும் அந்த மாத்திரை வேண்டியிருக்கும். மாத்திரையைத் தவிர்க்கத்தான் திசு வால்வு. அது தவிராது என்றால் உலோக வால்வே புத்திசாலித்தனம். முதல் ஆஸ்பத்திரி சொன்னது சரி.

உலோக வால்வு என்றதும் வெளிநாட்டுச் சரக்கை நினைத்துப் பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், டாக்டர் வல்லியத்தான் தலைமையில் பல வருடம் பாடுபட்டு ஒரு வால்வை உருவாக்கினார்கள். முதல் மூன்று மாதிரிகள் சோதனையில் தோற்றன, நான்காவதுதான் நின்றது. 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல்முறையாக மனிதருக்குப் பொருத்தினார்கள். சித்ரா வால்வு என்று பெயர். இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வைத்திருக்கிறார்கள். அதில் சாய்ந்து சாய்ந்து திறக்கும் தட்டு பிளாஸ்டிக்கில் ஆனது என்பதால் சத்தமும் குறைவு. எந்த உலோக வால்வாக இருந்தாலும் ராத்திரி ஊர் அடங்கியதும் நெஞ்சுக்குள் 'டிக் டிக்' என்று லேசாகக் கேட்கும். முதல் மாதம் தூக்கம் கெடும். பிறகு அது கேட்கவில்லை என்றால்தான் பயம் வரும் என்று என் நோயாளி ஒருவர் சொன்னார்.

மாத்திரை: அசிட்ரோம் அல்லது வார்ஃபரின். ரத்தத்தின் உறையும் வேகத்தை ஐஎன்ஆர் என்ற சோதனையால் அளந்து, மிட்ரல் உலோக வால்வுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவே வைத்திருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் கட்டி, கூடினால் ரத்தப்போக்கு. புதிதாக வந்திருக்கும், சோதனை தேவைப்படாத மாத்திரைகளை அண்ணன் வளைகுடாவிலிருந்து அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள். அவை உலோக வால்வுக்கு ஆகாது. முருங்கைக் கீரையையும் அகத்தியையும் விடச் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால்தான் ஐஎன்ஆர் அளவு ஆடும். மரச்சீனிக் கிழங்கும் மீனும் வழக்கம் போலச் சாப்பிடலாம். கை கால் வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்குவதும், வைத்தியரிடம் கஷாயம் குடிப்பதும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. நெஞ்சில் எண்ணெய் போட்டுத் தடவுவதும் அப்படியே. குமரியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிபட்டால் வர்ம ஆசானிடம் போகும் பழக்கத்தை மதிக்கிறேன், ஆனால் கம்பி கட்டிய எலும்பின் மேல் கட்டைவிரலை ஊன்றி அழுத்த விடாதீர்கள்.

பால் வெட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். அறுத்த நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம், முழு பலம் பெற மூன்று மாதம். முதல் இரண்டு மாதம் நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் கூடாது, பால் பக்கெட் கூடாது, ஷீட் அடிக்கும் மெஷினின் கைப்பிடியைச் சுற்றக் கூடாது. பால் வெட்டும் கையைக் கவனித்திருக்கிறீர்களா? கத்தியைப் பிடிப்பது ஒரு கை, வழிகாட்டுவது இன்னொரு கை, பட்டையில் ஆழம் மாறாமல் இழுக்க இரண்டு தோளும் நெஞ்சின் குறுக்கே ஒன்றாக வேலை செய்யும். நெஞ்செலும்பு பாதி கூடிய நிலையில் அந்த இழுப்பு கம்பியைத் தளர்த்தும். ஆகவே மூன்று மாதம். சின்ன வெட்டானால் ஆறு வாரத்தில் விடலாம். வித்தியாசம் ஒன்றரை மாத வெட்டுக்கூலி. இரண்டு லட்சத்தோடு ஒப்பிட்டு அப்பா கணக்குப் போட்டுக்கொள்வார்.

ஆனால் மூச்சு? அது எலும்பைக் கேட்டு வராது. வருடக்கணக்கில் நுரையீரலில் ஏறிய அழுத்தம் இறங்கப் பல மாதம் பிடிக்கும், எந்த வாசல் வழியாகச் செய்தாலும். முதலில் சமதளத்து மரங்கள், பிறகு மேடு. உயரத்தில் கை தூக்கி வெட்டும் பட்டையை அப்பா பார்த்துக்கொள்ளட்டும்.

கத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மாத்திரை சாப்பிடும் கையில் வெட்டுக்கத்தி பட்டால் மற்றவர்களைவிட அதிக நேரம் ரத்தம் வரும். சுத்தத் துணியால் அழுத்தி, கையை உயர்த்தி, பதினைந்து நிமிடம் விடாமல் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து விழுவது. விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, மழை பெய்த சரிவில் போகும்போது வழுக்கித் தலை அடிபட்டால், வலி இல்லை, மயக்கம் இல்லை என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. மழைக்காலத்தில் வெளிச்சம் வந்த பிறகு போகட்டும். பால் கொஞ்சம் குறையும்தான்.

ரப்பர் இலை உதிர்ந்து பால் வெட்டு நிற்கும் தை, மாசியில் ஆபரேஷனை வைத்துக்கொள்ளலாமே என்று வீட்டில் பேச்சு வரும். தேதி தானாக அமைந்தால் நல்லது. அதற்காக இந்த நிலையில் மாதக்கணக்கில் தள்ள வேண்டாம்.

பணம். கார்டு தமிழ்நாட்டுக் கார்டு, ஆஸ்பத்திரி கேரளத்தில். எல்லையில் இருப்பவர்களுக்கு இது தீராத தலைவலி. முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டு எந்த ஆஸ்பத்திரியில் எடுபடும், வால்வு மாற்றும் பேக்கேஜில் வால்வின் விலையும் அடக்கமா, சின்ன வெட்டுக்கான கூடுதலை யார் கொடுப்பது என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அண்ணன் பணம் அனுப்புவதாகச் சொல்கிறார் அல்லவா, அதை அடுத்த வருடங்களின் ஐஎன்ஆர் சோதனைக்கும், அம்மா வேலைக்குப் போகாத மூன்று மாதத்துக்கும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முன் பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிச் சொத்தைப் பல் இருந்தால் சரிசெய்துவிடுங்கள், புது வால்வுக்குக் கிருமி போகும் பெரிய வழி வாய்தான். வாத நோய்க்கான பென்சிலின் ஊசி பற்றியும் மறக்காமல் கேளுங்கள். புது வால்வு வந்துவிட்டது, இனி ஊசி எதற்கு என்று பலர் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள்.

அறுவை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, எக்கோ ரிப்போர்ட்டோடு அந்தப் பழைய நீர் எடுத்த சீட்டு வீட்டுப் பரணில் எங்காவது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. முதுகுப்பக்கம் எந்த இடத்தில் ஊசி போட்டார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள், இத்தனை வருடம் கழித்தும் விரலை வைத்துக் காட்டுவார். அந்த விரல் இருக்கும் இடத்தை டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.